நத்தைக்கு ஒரு பெயர்

நன்னீர் நத்தைகளைப் படிக்கத் தொடங்கிய காலத்தில் எனக்கு முதலில் கிடைத்த பாடம், எல்லாம் ஓட்டில் இருக்கிறது என்பதுதான். நுனி மேலே இருக்க, வாய் நம்மைப் பார்க்க ஓட்டைப் பிடிக்க வேண்டும். வாய் வலப்பக்கம் வந்தால் வலஞ்சுழி, இடப்பக்கம் வந்தால் இடஞ்சுழி. பிறகு சுற்றுகளை எண்ணி, உயரமும் அகலமும் அளந்து, சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே ஓடும் கோடு ஆழமா மேலோட்டமா, அடியில் தொப்புள் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்த்து, கையேட்டின் கேள்விகளில் ஒவ்வொன்றாக இறங்கிப் போனால் கடைசியில் ஒரு பெயர் வந்து நிற்கும். இந்திய நன்னீர் மெல்லுடலிகளுக்கு சுப்பா ராவ் எழுதிய கையேடு 1989இல் வெளிவந்த பிறகு இந்த வேலை இன்னும் சுலபமாயிற்று. அந்தப் பயிற்சிக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் காலம் போகப் போக மனத்தில் உறுதிப்பட்ட கருத்து வேறு. ஐந்து மில்லிமீட்டர் நத்தைக்குப் பெயர் வைப்பவர், ‘இந்தக் கூட்டம் மற்றவற்றிலிருந்து தனி’ என்று ஒரு கட்சி எடுத்து வாதிடுகிறார். வாதம் என்றால் எதிர்வாதத்துக்கு இடம் வேண்டும். பின்னால் வருகிறவர் சோதித்துப் பார்த்து, வேண்டுமானால் மறுக்கவும் வழிவிட்டு எழுதப்பட்ட விவரிப்புதான் நல்ல விவரிப்பு. பழைய நூல்களின் பெரிய குறை அவற்றில் தவறுகள் இருந்தது அல்ல. அந்தத் தவறுகளைக் கண்டுபிடிக்கப் போதுமான பிடிமானம் அவற்றில் இல்லாததுதான்.

ஃபைசா அக்யூட்டாவின் கதை இதற்கு நல்ல சான்று. இடஞ்சுழி ஓடு, மெல்லிய சுவர், கூரிய நுனி, ஒரு சென்டிமீட்டரைச் சுற்றிய உயரம். பிரெஞ்சு அறிஞர் டிராப்பர்னோ இதை கரோன் ஆற்றிலிருந்து விவரித்தார். அவர் 1804இல் இறந்துவிட, நூல் அடுத்த ஆண்டில் வெளிவந்தது. அட்லாண்டிக்குக்கு அப்பால் தாமஸ் சே 1817இல் ஃபைசா ஹெட்டரோஸ்ட்ரோஃபா என்று ஒன்றையும், ஹால்ட்மன் 1841இல் ஃபைசா இன்டெக்ரா என்று இன்னொன்றையும் விவரித்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் கையிலிருந்த ஓட்டைக் கவனமாகவே பார்த்தார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இவை வெவ்வேறு இனங்களாகவே அச்சில் வாழ்ந்தன. 2002இல் ராபர்ட் டில்லனும் அவருடைய குழுவினரும் ஐரோப்பிய நத்தைகளையும் அமெரிக்க நத்தைகளையும் ஆய்வகத்தில் இணைசேர விட்டுப் பார்த்து, இவற்றுக்கிடையே இனப்பெருக்கத் தடை எதுவும் இல்லை என்று காட்டினார்கள். முதலில் வைத்த பெயர் என்பதால் அக்யூட்டா நின்றது, மற்றவை அதன் மறுபெயர்கள் ஆயின. இந்த நத்தையின் தாயகம் வட அமெரிக்கா என்பதே இன்று பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. அதாவது பிரான்சு நாட்டு ஆற்றிலிருந்து உலகுக்கு அறிமுகமான நத்தை, அந்த ஆற்றுக்கே விருந்தாளி. டிராப்பர்னோவின் ஓடு இதை ஒருபோதும் சொல்லியிருக்க முடியாது. ஓட்டில் தாயகம் எழுதியிருப்பதில்லை.

ஒரே இனத்துக்கு இத்தனை பெயர்கள் எப்படி வந்தன? ஓடு வளர்கிறபோதே சூழலுக்கு ஏற்ப மாறுகிறது என்பதுதான் காரணம். ஃபைசா நத்தைகளை மீனின் வாடை கலந்த நீரில் வளர்த்தால் உருண்டு திரண்ட, எளிதில் நொறுங்காத ஓடு வருகிறது. இறாலுக்கு உறவான கிரேஃபிஷின் வாடை கலந்த நீரில் வளர்த்தால் நீண்டு, வாய் குறுகிய, கொடுக்கு நுழைய முடியாத ஓடு வருகிறது. டிவிட் என்ற ஆய்வாளர் 1990களில் செய்த சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. இரண்டு ஓடுகளையும் ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கண்ணை மட்டும் நம்புகிறவர் இரண்டு இனம் என்றே சொல்வார். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்து புகழ்பெற்ற ழான் பியாஜே, நத்தைகளையும் ஆராய்ந்தவர். சுவிட்சர்லாந்து ஏரிகளின் அலை மோதும் கரைகளில் லிம்னியா ஸ்டாக்னாலிஸ் குட்டையான ஓட்டோடு இருப்பதையும், அமைதியான குளங்களில் அதே நத்தை நீண்ட ஓட்டோடு இருப்பதையும் அவர் 1929இல் எழுதினார். வயதும் இந்தக் குழப்பத்தில் பங்கு கொள்கிறது. பெரிய இனத்தின் குஞ்சை எடுத்து வைத்துக்கொண்டு ‘புதிய சிறிய இனம்’ என்று அறிவித்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. வாயின் விளிம்பு தடித்திருக்கிறதா, இனப்பெருக்க உறுப்புகள் முதிர்ந்திருக்கின்றனவா என்று பார்க்காமல், சிறியது என்ற சொல்லுக்கே பொருளில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்சில் பூர்கினாவும் அவருடைய வழியில் நடந்தவர்களும் ஓட்டின் சின்னஞ்சிறு வளைவு மாற்றங்களுக்கெல்லாம் நூற்றுக்கணக்கில் பெயர் சூட்டினார்கள். பின்வந்தவர்கள் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கழித்துத் தள்ளவே பல பத்தாண்டுகள் செலவிட வேண்டியிருந்தது.

பொட்டமோபிர்கஸ் என்ற, அரிசி அளவே இருக்கும் நத்தை இதே பாடத்தை வேறு வழியாகச் சொல்கிறது. எட்கர் ஸ்மித் 1889இல் தேம்ஸ் நதியின் கழிமுகத்திலிருந்து ஹைட்ரோபியா ஜென்கின்சி என்று ஒரு புதிய இனத்தை விவரித்தார். இங்கிலாந்துக்கே உரிய நத்தை என்று கருதப்பட்ட அது, உண்மையில் கிரே 1843இல் நியூசிலாந்திலிருந்து விவரித்த பொட்டமோபிர்கஸ் ஆன்டிபோடாரம் என்பதை வின்ஸ்டன் பாண்டர் 1988இல் விரிவாக எடுத்துக்காட்டினார். இதன் ஓட்டில் சில வேளை வரப்பு இருக்கும், சில வேளை முள் இருக்கும், சில வேளை ஒன்றும் இருக்காது. ஐரோப்பாவில் இது பெரும்பாலும் ஆண் துணையின்றியே பெருகுவதால், ஒரு பெண் நத்தையின் வம்சமே ஓர் ஓடை முழுவதையும் நிரப்பிவிடுகிறது. அந்த வம்சத்தின் ஓடுகள் ஒன்றையொன்று அச்சாக ஒத்திருக்கும். பக்கத்து ஓடையில் வேறொரு வம்சம் வேறொரு தோற்றத்தோடு இருக்கும். இரண்டு ஓடைகளை மட்டும் பார்த்தவருக்கு இரண்டு இனங்களும் நடுவே ஒரு தெளிவான இடைவெளியும் தெரியும். இருபது ஓடைகளைப் பார்த்தவருக்கு அந்த இடைவெளி மறைந்துபோகும். எத்தனை இடங்களிலிருந்து, எத்தனை உருப்படிகளைப் பார்த்து எழுதினேன் என்று விவரிப்பில் சொல்லியாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது ஒரு பக்கம்: பல பெயர், ஒரே இனம். இதைக் கேட்டதும் பெயர்களைக் குறைத்துக்கொண்டே போவதுதான் அறிவியல் என்று நினைத்துவிடக் கூடாது. எதிர்ப்பக்கத் தவறும் அதே அளவு பெரியது. நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் சேற்றுக்குள் பாதி புதைந்து கிடக்கும், கூம்பி நீண்ட, செம்பழுப்புத் தீற்றல் போட்ட நத்தை மெலனாய்டீஸ் டியூபர்குலேட்டா. டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ ஃபிரெடரிக் முல்லர் 1774இல் இதை விவரித்தபோது குறிப்பிட்ட இடம் சோழமண்டலக் கடற்கரை. பிறகு ஒலிவியே 1804இல் எகிப்திலிருந்து இன்னொரு பெயரில் விவரித்ததும் இதற்குள் அடங்கியது. ஆப்பிரிக்கா, அரேபியா, தென்கிழக்காசியா என்று கூம்பி நீண்ட ஓடு கிடைத்த இடமெல்லாம் முல்லரின் பெயரே ஒட்டிக்கொண்டது. இதுவும் பெரும்பாலும் ஆணில்லாமல் பெருகும் நத்தை. தாயின் கழுத்துப் பக்கத்துப் பையில் குஞ்சுகள் வளர்ந்து, ஓட்டோடு வெளியே வருகின்றன. கரீபியனில் ஷிஸ்டோசோமா புழுவால் மனிதருக்கு வரும் நோயைச் சுமக்கும் பயோம்ஃபலேரியா நத்தைகளை நெருக்கி விரட்டுவதற்காக இதை மார்ட்டினிக் போன்ற தீவுகளில் வேண்டுமென்றே விட்டார்கள். அங்கே தனித்தனித் தோற்றங்களாகத் தெரிந்தவை தனித்தனி வம்சங்கள் என்றும், அரிதாக அவற்றுக்கிடையே கலப்பும் நடந்திருக்கிறது என்றும் சமாதி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1999இல் மரபணுக் குறிகளைக் கொண்டு காட்டினார்கள். ஓட்டின் வரிகளையும் தீற்றல்களையும் கண்ணால் பிரித்ததற்கு அங்கே பொருள் இருந்தது. ஓடு பொய் சொல்லவில்லை.

மலாவி ஏரியில் நடந்தது இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. அந்த ஏரியில் மெலனாய்டீஸ் நத்தைகள் காலங்காலமாக இருப்பவை. அங்கே ஆசிய மரபுவழி ஒன்று வந்து பரவியிருப்பதை மார்ட்டின் ஜென்னரின் குழு 2004இல் மரபணு ஆதாரத்தோடு வெளியிட்டது. அதுவரை அந்நியன் நுழைந்தது யாருக்கும் தெரியவில்லை. காரணம், உள்ளூர் நத்தைக்கும் வந்த நத்தைக்கும் பதிவேட்டில் ஒரே பெயர். தேவைக்கு மேல் பெயர்கள் இருந்தால் நூலகத்தில் குழப்பம். தேவைக்குக் குறைவாக இருந்தால் ஏரியில் நடப்பதே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆகவே பிரிப்பதா சேர்ப்பதா என்று குணத்தின்படி கட்சி சேர்வதில் பயனில்லை. எந்த ஆதாரத்தின் மேல் பிரிக்கிறோம், எந்த ஆதாரத்தின் மேல் சேர்க்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஓட்டைத் தாண்டிய ஆதாரம் எங்கே கிடைக்கும் என்பதற்கு அமெரிக்காவின் மேற்குப் பாலைவனங்களில் வாழும் ஊற்று நத்தைகள் வழி காட்டின. பிர்குலாப்சிஸ் என்ற பேரினத்தின் நத்தைகள் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் உயரமே உள்ளவை. ஓட்டில் வரியோ முள்ளோ நிறமோ இல்லை. வழவழப்பான சிறு கூம்பு, அவ்வளவுதான். ராபர்ட் ஹெர்ஷ்லர் 1980கள் முதல் இவற்றை ஊற்று ஊற்றாகச் சேகரித்து, உருப்பெருக்கியின் கீழ் அறுத்துப் பார்த்தார். ஆண் உறுப்பின் மேலுள்ள சுரப்பிகளின் அமைப்பு, பெண் உறுப்பில் விந்து சேமிக்கும் பைகளின் இடம், ராடுலா என்னும் பல் நாடாவில் முனைகளின் எண்ணிக்கை ஆகியவை, ஓடு மறைத்த வேறுபாடுகளை வெளிப்படுத்தின. ஒரே ஓர் ஊற்றில் மட்டுமே வாழும் இனங்கள் பல இந்த வழியில்தான் அறியப்பட்டன. நம் ஊர் வயல்களின் இண்டோபிளனார்பிஸையும் இங்கே நினைக்கலாம். தட்டையாகச் சுருண்ட அதன் ஓட்டை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் வலமா இடமா என்று தீர்மானிக்க முடியாது. உடலைத் திறந்து, மூச்சுத்துளையும் இனப்பெருக்கத் துளைகளும் இடப்பக்கம் இருப்பதைப் பார்த்தால்தான் அது இடஞ்சுழி என்று உறுதியாகும். இதற்கெல்லாம் நத்தை உயிரோடு கிடைக்க வேண்டும். மென்தால் தூவிய நீரில் அது தளர்ந்து உடலை நீட்டியபின் ஆல்கஹாலில் இட வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் உள்ளே சுருங்கிக்கொண்ட உடலில் எதையும் பிரித்தறிய முடியாது. ஃபார்மலினில் போட்டால் ஓடு அரிக்கும், மரபணுவும் கெடும்.

இவ்வளவு நுணுக்கம் யாருக்கு வேண்டும், வயலில் நிற்கிறவருக்கும் மருத்துவருக்கும் நத்தை நத்தைதானே என்ற ஆட்சேபத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். இதற்கு 1915இல் எகிப்து பதில் சொல்லிவிட்டது. ஷிஸ்டோசோமா புழுவுக்கு நத்தையே தேவையில்லை, அது நேரடியாக மனித உடலுக்குள் புகுகிறது என்று ஆர்தர் லூஸ் போன்ற பெரிய அறிஞர்கள் நம்பியிருந்தார்கள். ஜப்பானில் மியாயிரியும் சுசுகியும் 1913இல் அந்நாட்டுப் புழு ஒரு சிறு நத்தைக்குள் வளர்வதைக் கண்டார்கள். அதை அறிந்து எகிப்துக்குப் போன ராபர்ட் லெய்ப்பர், சிறுநீர்ப்பையைத் தாக்கும் புழு புலைனஸ் நத்தையிலும், குடலைத் தாக்கும் புழு பயோம்ஃபலேரியா நத்தையிலும் வளர்வதைக் காட்டினார். இவை இரண்டு வேறு நோய்கள் என்ற வழக்குக்கு இரண்டு வேறு நத்தைகளே முதன்மையான சாட்சி ஆயின. நத்தை நத்தைதான் என்றிருந்தால் அந்த வழக்கு அன்று தீர்ந்திருக்காது. நம் நாட்டிலும் மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்து கிம்வி கிராமத்தில் சிறுநீர் ஷிஸ்டோசோமா நோய் தென்பட்டபோது, அதைச் சுமப்பதாக 1950களின் தொடக்கத்தில் சுட்டப்பட்டது ஃபெரிசியா டெனுயிஸ் என்ற, சுருளே இல்லாத, சில மில்லிமீட்டர் நீளமுள்ள நத்தை. மாடுகளின் மூக்கில் நோய் உண்டாக்கும் ஷிஸ்டோசோமா நாசேல் புழுவை ராவ் 1933இல் விவரித்தார். அதைச் சுமக்கும் இண்டோபிளனார்பிஸுக்குள்ளே பல தனித்தனி மரபுவழிகள் இருப்பதை அண்மைக்கால மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எந்த வழி எந்தப் புழுவை எவ்வளவு எளிதாக ஏற்கிறது என்பது இனி மாட்டு வைத்தியருக்கும் உரிய கேள்வி.

அப்படியானால் எல்லாவற்றையும் மரபணுவிடமே விட்டுவிடலாமே, அறுப்பதும் அளப்பதும் எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். மரபணு வந்த பிறகு நத்தைகளைப் பற்றிய அறிவு பலமடங்கு வளர்ந்தது உண்மை. மேலே சொன்ன எடுத்துக்காட்டுகளில் சில அதனால் வந்தவை. ஆனால் அதையும் தனிச் சாட்சியாக நிறுத்த முடியாது. வழக்கமாக இனம் பிரிக்கப் பயன்படுவது தாய்வழி மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் ஒரு துண்டு. 2022இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் ஃபைசா அக்யூட்டாவின் சில நத்தைகளில், சக நத்தைகளிலிருந்து மிகக் கடுமையாக விலகிய மைட்டோகாண்ட்ரியா இருப்பதைக் கண்டார்கள். இருபால் உயிரியான இந்த நத்தையில் அந்த மைட்டோகாண்ட்ரியா கொண்டவை ஆண்தன்மை இழந்தவை. துண்டை மட்டும் வைத்து எண்ணியிருந்தால் அவை தனி இனம் என்றே முடிவாகியிருக்கும். உண்மையில் அவை ஒரே குளத்தில், ஒரே கூட்டத்தில், பக்கத்து நத்தைகளோடு இணைசேர்ந்து வாழ்பவை. மரபணுத் தொகுப்புகளில் பெயர் பொருத்திப் பார்க்கும் முறைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. யாரோ ஒருவர் ஓட்டையும் உடலையும் பார்த்துச் சரியான பெயரோடு முதலில் சேர்த்திருந்தால்தான் அந்தப் பொருத்தத்துக்கு மதிப்பு. அடிப்படைப் பெயர் தவறென்றால் கருவி அந்தத் தவறையே துல்லியமாகத் திருப்பிச் சொல்லும். மேலும் பழைய மூல உருப்படிகளில், அதாவது பெயருக்கு ஆதாரமாக வைக்கப்பட்ட மாதிரிகளில், பெரும்பாலானவை அருங்காட்சியகப் பெட்டிகளில் காய்ந்த வெற்றோடுகள். அந்த நூற்றாண்டுகளோடு பேச வேண்டுமானால் ஓட்டின் மொழி தெரிந்திருந்தே ஆக வேண்டும்.

இதைவிட எனக்குக் கனமாகப்படும் ஆட்சேபம் வேறொன்று. இத்தனை ஆதாரமும் சேரும்வரை காத்திருந்தால், பெயர் பெறுவதற்கு முன்பே பல நத்தைகள் அழிந்துபோகும் என்கிறார்கள். ஐடஹோ மாநிலத்து புரூனோ வெந்நீர் ஊற்று நத்தையை ஹெர்ஷ்லர் 1990இல் விவரித்தார். 1993இல் அது அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்ந்தது. பாசனத்துக்காக நிலத்தடி நீர் இறைக்கப்பட, வெந்நீர் ஊற்றுகள் வற்றிக்கொண்டிருந்தன. பெயர் இல்லாத உயிருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த எடுத்துக்காட்டே என் கட்சிக்கு வலுச் சேர்க்கிறது. நீதிமன்றம் வரை போகக்கூடிய பெயர் உறுதியாக நிற்க வேண்டும். ‘இது பக்கத்து ஊற்றின் நத்தைதான், ஓடு கொஞ்சம் வேறு’ என்று எதிர்த்தரப்பு சொன்னால் பதில் சொல்ல உடற்கூறு வேண்டும். அவசரப் பெயர் முதல் குறுக்கு விசாரணையிலேயே விழுந்துவிடும். அதோடு, நல்ல விவரிப்புக்கு அவ்வளவு காலம் எடுக்க வேண்டியதில்லை என்பதை மேற்குத் தொடர்ச்சி மலை காட்டியிருக்கிறது. கடல் நத்தைக் குடும்பம் ஒன்றிலிருந்து பிரிந்து, மலைப் பாறைகளில் நீர் கசியும் இடங்களில் வாழும் கிரெம்னோகாங்கஸ் நத்தைகளை டேவிட் ரீடும், அரவிந்தும், மத்யஸ்தாவும் 2013இல் ஓடு, ராடுலா, இனப்பெருக்க உறுப்பு, மரபணு எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் வைத்து ஆராய்ந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளான்ஃபர்டு வைத்த பெயர்கள் சரிபார்க்கப்பட்டன. புதிய இனங்களும் சேர்ந்தன. ஒரே கட்டுரையில் பழைய வாதமும் புதிய வாதமும் நேருக்கு நேர் நிற்பதால், நாளை ஒருவர் அதை ஏற்கவும் மறுக்கவும் எல்லாம் கையில் இருக்கிறது.

ஆணில்லாமல் பெருகும் நத்தைகளில் இணைசேர்த்துச் சோதிக்க வழியே இல்லையே, அங்கே இனம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. மெலனாய்டீஸில் இனத்தின் எல்லை ஓரளவு நாம் எடுக்கும் முடிவுதான். ஓட்டில் நிலையாக வரும் குறி, வம்சத்தின் பிரிவு, குஞ்சின் அளவு, வாழும் இடம் ஆகிய பல தடயங்கள் ஒரே திசையைக் காட்டினால் பிரிக்கலாம். அவை முரண்பட்டால் முரண்பாட்டையே எழுதி வைத்துவிட்டுப் பெயரை நிறுத்திவைக்கலாம். முடிவு நம்முடையது என்பதாலேயே அதன் காரணங்களை வெளிப்படையாக எழுத வேண்டிய கடமை கூடுகிறது, குறைவதில்லை.

விலங்குகளின் பெயரிடல் விதிகளின்படி, 1999க்குப் பின் வெளியாகும் ஒவ்வொரு புதிய இனத்துக்கும் மூல உருப்படி எது என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். அந்த விதி குறைந்தபட்சம் கேட்பது அது. நான் அதற்கு மேலும் சிலவற்றைக் கேட்பேன். ஒரே ஓடு போதாது. குஞ்சு முதல் முதிர்ந்தது வரை ஒரு தொடர் வேண்டும். மிக நெருங்கிய இனம் எது, அதிலிருந்து எதனால் பிரிக்கிறேன், எந்தக் குறி எனக்கே சந்தேகம் தருகிறது என்று எழுத வேண்டும். சேகரித்த இடம் இன்னொருவர் போய் நின்று எடுக்கும் அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். ‘சோழமண்டலம்’ என்ற ஒரு சொல் ஆறுகளும் ஏரிகளும் கழிமுகங்களும் கொண்ட ஒரு கடற்கரை முழுவதையும் குறிக்கிறது. முல்லரின் பெயர் எந்த மரபுவழிக்குச் சேரும் என்பதை அந்தக் கரையின் நீர்நிலைகளிலிருந்து புதிதாக எடுத்து, அறுத்து, ஒப்பிட்டுத்தான் நிலைநாட்ட முடியும். அதைச் செய்யும் தகுதியும் பொறுப்பும் முதலில் நம்முடையவை. உலகின் வெப்ப நாடுகளெங்கும் இந்தப் பெயரால் அழைக்கப்படும் நத்தைகள் அனைத்தும் அந்த ஒப்பீட்டின் முடிவுக்குக் கட்டுப்பட்டவை.